ஒரு போத்தல், இரண்டு ஊசி

எங்கள் தெருவில் சீனி வருத்தக்காரருக்குக் குறைவே இல்லை. மாமிக்கு இருந்தது, பள்ளிவாசல் மோதினாருக்கு இருந்தது, பேக்கரி வைத்திருந்தவருக்கும் இருந்தது. ஆனால் இவர்கள் எல்லோரும் குளிசைக்காரர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒரு மிடறு தண்ணீர், அத்தோடு அவர்களுடைய வருத்தம் அடங்கிவிடும். ஊசி போடுகிற ஆள் நான் ஒருத்திதான். அதுவும் நாலாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. குளிசைக்காரர்களை நான் பெரிதாக மதித்ததில்லை.

மாமி என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி, அடுத்த வளவில் இருந்தவர். தன் குளிசைப் பட்டையைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "எனக்கும் உனக்கும் ஒரே வருத்தம்தானே மகள்" என்று என் பக்கத்தில் உட்காருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடையது இனிப்புப் பலகாரம் தின்று தின்று வந்தது. என்னுடையது தானாக வந்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

காலையிலும் மாலையிலும் எங்கள் வீட்டில் ஊசி போடுவது ஒரு கல்யாணம் மாதிரி. உம்மா பாயை விரித்து மருந்தை ஊசியில் இழுக்கும்போதே நான் கிணற்றைச் சுற்றி ஓடத் தொடங்குவேன். வாப்பா பிடித்து வருவார். பிறகு பேரம் நடக்கும். ஒரு கதை சொல்ல வேண்டும், அல்லது பெருநாளைக்கு இரண்டு சட்டை என்று சத்தியம் பண்ண வேண்டும், அல்லது வாப்பா தன் சைக்கிளில் என்னை முன்னால் ஏற்றி மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் போய் வர வேண்டும். எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு உம்மா என் மேற்கைச் சதையை இடது கையால் திரட்டிப் பிடிப்பார். நான் கத்துவேன். "இவ கத்துற கத்துக்குக் கடலும் அங்கால போயிரும்" என்று மாமி வேலிக்கு அப்பால் இருந்து சொல்வார்.

உண்மையைச் சொன்னால் அந்த ஊசி அவ்வளவு நோகாது. கட்டெறும்பு கடித்தாலே அதைவிட நோகும். ஆனால் அதை வெளியே சொன்னால் கதையும் போய்விடும், சைக்கிளும் போய்விடும், உம்மாவின் மடியும் போய்விடும். ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் நான் அந்த மடியில் கிடக்கலாம் என்பது வீட்டுச் சட்டம்.

எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. சாப்பாட்டறை மூலையில் ஒரு மண்முட்டி இருந்தது. அதற்குள் ஈர மணல் போட்டு, மணலுக்கு நடுவே ஒரு சிறிய போத்தலில் என் மருந்து இருக்கும். உம்மா நாள்தோறும் மணலில் தண்ணீர் தெளிப்பார். அந்த முட்டியை வாப்பாகூட என்னைக் கேட்காமல் தொட மாட்டார். அதாவது, நான் அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தேன், அவர் சிரித்துக்கொண்டு கேட்பார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. எங்கள் வளவு பெரிய றோட்டுக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் எங்களிடம் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். நனைந்த உடுப்போடு, உடுப்பே இல்லாமல், ஒற்றைச் செருப்போடு, யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. கடல் பற்றிய பகிடியை மாமி அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓயவே இல்லை. காணாமற்போன பிள்ளைகளின் பெயர்கள், மையத்துகள் கிடத்தியிருக்கும் இடங்கள், சோற்றுப் பார்சல் கொடுக்கும் பாடசாலைகள். அவற்றுக்கு நடுவே மோதினாரின் குரல், "ஒரு புள்ளைக்கிச் சீனி வருத்தத்துக்கான மருந்து அவசரமாத் தேவைப்படுது. வெச்சிரிக்கிற ஆக்கள் பள்ளிக்கிக் கொண்டு வாங்க" என்று சொன்னது. ஊசி மருந்து என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ. சீனி வருத்தம் என்றால் குளிசைதானே என்று தெரு முழுக்கக் குளிசையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பாதி தின்ற பட்டைகள், முழுப் பட்டைகள், ஒரு சீலைத்துண்டில் முடிந்த தனிக் குளிசைகள். மாமி தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்து, "ரெண்டு நாளைக்கி நான் சோத்தக் குறைச்சித் திண்டுட்டுப் போறன், பச்சப்புள்ளைக்கி இல்லையா" என்றார். மோதினாரும் தன்னுடையதை அந்தக் குவியலில் போட்டாராம்.

அந்தப் பிள்ளைக்கோ அதில் ஒன்றும் உதவாது. அவள் என்னைப் போல ஊசிக்காரி.

அவளுடைய வாப்பா குளிசைகளை வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ஒரு பையில் வாங்கிக்கொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கேற்றடிக்கு வந்தார். இரவல் சேட்டு, தோள்களை இறுக்கிப் பிடித்தது.

"இஞ்ச ஒரு புள்ளைக்கி ஊசி போடுறயாம் எண்டு பள்ளியில சொன்னாங்க. எங்கட வீடும் போயிற்று, மருந்தும் போயிற்று. நேத்தையிலரிந்து இவவுக்கு ஒண்டும் போடல்ல. ஆசுபத்திரியில உள்ளுக்குப் போக ஏலா, அவ்வளவு சனம்."

உம்மா அந்தப் பிள்ளையின் வெடித்த உதட்டைப் பார்த்தார், குனிந்து மூச்சை மோந்தார்; ஊசி தவறினால் மூச்சில் பழவாடை வரும் என்று அவருக்குத் தெரியும். பிறகு நேரே மண்முட்டிக்குப் போனார்.

"அது என்ட" என்றேன்.

"ஓம் மகள், உன்டதான்" என்றார் உம்மா, போத்தலை எடுத்துக்கொண்டே.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் றிஸ்மியா. அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை, கடைசி வரைக்கும் எனக்கு அவள் 'அவ'தான். உம்மா மருந்தை இழுத்து ஊசியோடு குனிந்தபோது அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். நிற்கவே பலமில்லாத பிள்ளை, உம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"இல்ல. நானே போடுவன்."

சட்டையை உயர்த்தி, வயிற்றுத் தோலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். ஒரு சத்தம் இல்லை. வயிற்றில் போடலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "மாஷா அல்லாஹ், என்ன தைரியம்" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அப்போது வந்தது இரக்கம் இல்லை. என் முகத்தில் யாரோ கொதிதண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

அவளுடைய உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. மையத்து இன்னும் கிடைக்கவில்லை. அவளுடைய வாப்பா விடிந்ததும் தேடப் போய்விடுவார். பின்னேரம் முழங்கால் வரை மணலோடு வந்து கேற்றடியில் குந்துவார். மருந்து இருக்கும் இடத்தில் பிள்ளையும் இருக்கட்டும் என்று எங்கள் உம்மா அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். உம்மா இல்லாத பிள்ளை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். அது எனக்குப் பாடம் போலத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போத்தல். காலையில் உம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். எனக்குச் சேர வேண்டியது அவள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. வாப்பா சுடுதண்ணீர்ப் பிளாஸ்குக்குள் ஐஸ் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் வயல் றோட்டால் அம்பாறைக்கு மருந்து தேடிப் போனார். வழியில் ஆமிக்காரரின் தடைமுகாமில் பிளாஸ்கைத் திறந்து பார்த்து, ஐஸ் ஏன் என்று விசாரித்துத்தான் விட்டார்களாம். அம்பாறையிலும் மருந்து முடிந்திருந்தது. இரண்டொரு நாளில் வரும் என்று சொன்னதை மட்டும் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து உம்மா எனக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டார். ஊர் முழுக்கச் சோற்றுப் பார்சல் தின்கிறது, எனக்கு அவித்த முட்டையும் முருங்கையிலைச் சுண்டலும். கடல் மீனை அந்த நாட்களில் யாரும் தொடவில்லை. மையத்துகளைத் தின்ற மீன் என்று அருவருத்தார்கள். ஊசியிலும் உம்மா வழமையைவிடக் குறைவாகத்தான் மருந்து இழுத்தார். மருந்தைக் குறைத்தால் சோற்றையும் குறைக்க வேண்டும் என்ற கணக்கு எனக்குத் தெரியாது. அவள் வந்தாள், என் சோறு போனது. நான் கண்டது அதுதான். அவளுக்கும் முட்டையும் சுண்டலும்தான் வைத்தார் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் அவளுடைய முட்டை பெரிதாக இருந்தது.

சோற்றைவிட மோசமான இழப்பு ஒன்று நடந்தது. நான் கத்துவதை விட்டேன். பக்கத்தில் ஒருத்தி சத்தமில்லாமல் வயிற்றில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கிணற்றைச் சுற்றி ஓட எனக்கென்ன பைத்தியமா? பேரம் பேசவும் வெட்கமாக இருந்தது. உம்மா எனக்கு ஊசி போடும்போதெல்லாம் அவள் எதிரே குந்திக்கொண்டு கண் எடுக்காமல் பார்ப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள், உம்மாவின் கையைத்தான் பார்ப்பாள். சதையைத் திரட்டுவதையும், குத்துவதையும், குத்தின இடத்தைப் பெருவிரலால் தடவி விடுவதையும். என்னைக் கேலி செய்கிறாள் என்று எண்ணி நான் மடியில் கிடப்பதையும் விட்டுவிட்டேன்.

மாமி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார். "பாருகா, அவட கைக்கி ஒரு நடுக்கமும் இல்ல. நம்மட புள்ளயும் இரிக்கே" என்றார். ஒரு பின்னேரம் அவளுடைய வாப்பா கேற்றடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு என் உம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இவ இதுக்கு முந்தி ஒருநாளும் தானாப் போட்டதில்ல தங்கச்சி. எப்பயும் அவட உம்மாதான் போடுற. வேற ஆரையும் தொட விடமாட்டா. நான் போடவாண்டு கேட்டாலும் கத்துவா."

உம்மா அவருடைய கோப்பையை வாங்கினார். எனக்குச் சொற்கள் எல்லாம் விளங்கின. நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: எனக்கு இரண்டு வருடமாக வராத வித்தை அவளுக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது. மனிதர் மகளைப் பற்றிப் பெருமை அடிக்கிறார்.

அதோடு தீர்மானித்தேன். பாவித்த ஒரு ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றி, வளவின் பின்பக்கம் போய்ப் பப்பாசிக்காயில் குத்திப் பழகினேன். காய் முழுக்கப் பால் வடிந்தது. கை நடுங்காமல் வரும் வரைக்கும் பழகினேன். மாமி அந்தக் காயைப் பிறகு கண்டு, அணில் ஏதோ புது விதமாகக் கடித்திருக்கிறது என்றார்.

அடுத்த நாள் காலை உம்மா மருந்தை இழுத்து, பாயில் உட்கார்ந்து, என்னைக் கிட்ட வரச் சொன்னார். அவள் வழமைபோல எதிரே குந்தியிருந்தாள். மாமியும் நின்றார். பார்க்க ஆட்கள் இருப்பது நல்லதாய்ப் போயிற்று.

"தாங்க. நானே போடுவன்" என்றேன்.

உம்மாவின் கையில் இருந்து ஊசியை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது மரியாதைக்கு, பறித்தேன் என்பதுதான் சரி. சட்டையை உயர்த்தி வயிற்றில் குத்தினேன். கண்ணையும் மூடவில்லை. அந்த ஒரு விசயத்தில் நான் அவளைவிட ஒருபடி மேலே போய்விட்டேன். மருந்து உள்ளே போனது, ஊசியை வெளியே எடுத்தேன், நிமிர்ந்து உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் வரப்போகும் சந்தோசத்துக்காகத்தானே இவ்வளவும்.

உம்மா என்னைப் பார்க்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கும் அழாத, ஊசிக்கும் அழாத அந்தப் பிள்ளை, உதட்டைக் கடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள்.

"உம்மா பக்கத்துல இரிக்கக்குள்ள நீ என்னத்துக்குப் போடுறாய்?" என்று என்னிடம் கேட்டாள்.

கோபமாகத்தான் கேட்டாள், என்னை அடிக்க வருகிறவள் மாதிரி. தோற்றுப்போனவளுக்கு வரும் பொறாமை என்று நினைத்தேன். எனக்கு அந்த நோய் நன்றாகத் தெரியும் அல்லவா, ஆகவே அவளிடமும் அதைக் கண்டேன். பதில் சொல்லாமல் சட்டையை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்தேன். வென்றவர்கள் அதிகம் பேசுவதில்லை.

அன்று பின்னேரம் அவளுடைய முறை வந்தபோது அவள் ஊசியைத் தொடவில்லை. உம்மாவின் கையிலேயே இருக்கட்டும் என்று தள்ளிவிட்டு, "நீங்க போட்டு விடுங்க" என்றாள். மேற்கையை நீட்டினாள். உம்மா சதையைத் திரட்டிப் பிடித்ததும், ஊசி படுவதற்கு முன்னாலேயே, ஓவென்று குரல் எடுத்தாள். நான் கத்தின நாட்களில் என் சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. உம்மா ஊசி போட்டுவிட்டு அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வளர்ந்த பிள்ளை, கால்கள் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தன. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அவள் எழும்பவில்லை, உம்மாவும் அசையவில்லை. கேற்றடியில் அவளுடைய வாப்பா எழுந்து நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சின்ன ஊசி, நானே போட்டுவிட்டேன், இவள் என்னவென்றால் இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாளே என்று எண்ணினேன். ஆனாலும் அந்த மடியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஊசி குத்தின இடத்தைச் சொல்லவில்லை.

அவள் போகும் வரைக்கும் அப்படியே நடந்தது. எனக்கு நானே போட்டேன், அவளுக்கு என் உம்மா போட்டார். பிறகு வாப்பா மறுபடி அம்பாறைக்குப் போய் மருந்தோடு வந்தார். அவளுடைய உம்மாவைத் தேடுவதை அவளுடைய வாப்பா கைவிட்டிருந்தார். வரிப்பத்தான்சேனையில் அவளுக்கு ஒரு சாச்சி இருந்தார், நெல் வயல்காரர்கள், அங்கே போவதென்று முடிவாயிற்று. உம்மா ஒரு சிறிய முட்டியில் ஈர மணல் நிரப்பி, புதுப் போத்தல் ஒன்றை அதில் வைத்துக் கொடுத்தார். அந்தக் குளிசைப் பையை மனிதர் மாமியிடம் கொடுத்து, "உரிய ஆக்களுக்குக் குடுத்திருங்க ராத்தா, அல்லாஹ் எல்லாருக்கும் நன்மை தருவான்" என்றார். எந்தப் பட்டை யாருடையது என்று யாருக்குத் தெரியும்? தெருவில் ஒருவருடைய குளிசையை மற்றவர் தின்றுகொண்டு சில நாட்கள் போயின. டிரக்டர் பெட்டியில் ஏறின பிறகு அவள் என் உம்மாவை மட்டும் பார்த்தாள். எனக்குக் கை காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

அன்றைக்கு நான் இரண்டு தரம் சோறு தின்றேன்.

அடுத்த நாள் காலை உம்மா பாயை விரித்தார். எதிரே குந்தியிருக்க ஆள் இல்லை, வீடு பழையபடி ஆகியிருந்தது, மருந்து முழுவதும் எனக்கு, உம்மாவும் எனக்கு. உம்மா மருந்தை இழுத்தார். ஊசியை என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"நான் போட்டு விடவா மகள்?"

"வேணாம். எனக்குத் தெரியும்."

"தெரியும்தான். இண்டைக்கி மட்டும் நான் போடுறனே."

"வேணாம் எண்டு சொல்றன்தானே உம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றைச் சுற்றி ஓட வைத்து, கதை சொல்லி, சத்தியம் பண்ணி, காலையும் மாலையும் என்னோடு மல்லுக்கட்டின உம்மாவுக்கு நான் எவ்வளவு பெரிய உதவி செய்கிறேன், அது தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே. கையை நீட்டினேன். உம்மா ஊசியைத் தந்தார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நாட்டில் சண்டை முடிந்து தடைமுகாம்கள் எடுக்கப்பட்ட வருடம் தனியாக பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போய் வருகிற அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேன், அப்போதும் கேட்கவில்லை. நானும் ஒருநாளும் ஊசியை அவரிடம் நீட்டவில்லை.

அந்தக் காலையில் நான் போட்டு முடித்து, மூடியைச் சரியாக மாட்டி, பார்த்தீர்களா என்று நிமிர்ந்தபோது உம்மா பாயில் இருந்து எழும்பாமல் தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இது தெரியாதவர் மாதிரி இவர் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. "உம்மா, பசிக்குது" என்றேன்.